அப்புச்சி பேச்சை எங்கே வெட்டுவது? ஜம்ப் கட், கட்அவே, வெட்டாத ஷாட்: ஓர் ஒப்பீடு

ஊரில் ஒரு பெரியவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் படம் எடுத்து வருகிறோம். நாற்பது நிமிடப் பேச்சு கையில் இருக்கிறது. படத்தில் அதற்கு ஆறு நிமிடம்தான் இடம். மீதியை எடுத்தாக வேண்டும். எடுத்த ஒவ்வொரு இடத்திலும் தலை ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் துள்ளும், மடியில் இருந்த கை சட்டென்று காதோரம் இருக்கும், பின்னால் நின்ற ஆள் காணாமல் போவார். அந்தத் துள்ளலை அப்படியே காட்டுவதா, எதையாவது வைத்து மறைப்பதா, வெட்டாமலே விடுவதா? ஆவணப்படம் எடுக்கிற யாரும் இந்த முடிவை எடுக்காமல் தப்ப முடியாது.

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துக் கை பழகிய தம்பிகள் பலர் இப்போது தங்கள் ஊர்த் தொழில்களைப் படம் எடுக்கிறார்கள். சென்னிமலைத் தறி, பவானி ஜமுக்காளம், காங்கேயம் மாடு என்று விஷயத்துக்குப் பஞ்சமில்லை. கவுந்தப்பாடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் தன் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) கரும்பாலையை, அதாவது கரும்புப்பாலைக் காய்ச்சி நாட்டுச்சர்க்கரை எடுக்கிற இடத்தை, படமாக்கிக்கொண்டு வந்தார். "ஏனுங்ணா, யூடியூப்ல எல்லாரும் ஜம்ப் கட்தானுங்க போடறாங்க. நாமளும் அதையே போட்டுறலாமுங்களா?" என்று கேட்டார். அந்தத் துள்ளலை மறைக்காமல் அப்படியே காட்டுவதுதான் ஜம்ப் கட். அவருக்குச் சொன்னதைத்தான் விரித்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேச்சைக் காதால் வெட்டி முடித்த பிறகுதான் எந்தக் கட் என்று யோசிக்க வேண்டும். அப்படி யோசித்தால், நம் ஊர்ப் பெரியவர்கள் பேசும் படங்களுக்குப் பெரும்பாலும் கட்அவேதான், அதாவது பேச்சு ஓடும்போதே படத்தை மட்டும் வேறு ஒன்றுக்கு மாற்றி வெட்டை மறைப்பதுதான், சரியாக வரும். சில இடங்களில் எதுவுமே செய்யாமல் விடுவது அதைவிடச் சரியாக வரும்.

பேசுவதற்கு ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். அப்புச்சி கரும்புப்பால் காய்ச்சும் கொப்பரைக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஆவி எழும்புகிறது. அவர் சொல்கிறார்: "போன வருசம் வெலையே இல்லீங்க. பாதிப் பேரு ஆலைய நிறுத்திப்போட்டாங்க." நிறுத்துகிறார். கொப்பரைப் பக்கம் திரும்பி நான்கு நொடி பார்க்கிறார். "நாங்க நிறுத்தலீங்க." அப்புறம் மருமகனைக் கூப்பிட்டுச் சக்கை தள்ளச் சொல்கிறார். திரும்பி வந்து, கூலி ஆள் கிடைக்காத கதைக்குப் போகிறார்.

முதல் வழி, அப்படியே விடுவது. இதை லாங் டேக் என்பார்கள். பிலிம் காலத்தில் இதற்கு இயற்கையாகவே ஒரு எல்லை இருந்தது. 35 மி.மீ. பிலிம் நொடிக்கு 24 பிரேம் வீதம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி ரீல் போட்டால் கேமரா பதினோரு நிமிடம்தான் தாங்கும். 1935-ல் டி. ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கிய காலத்திலும், பின்னால் கோவையில் பட்சிராஜா ஸ்டுடியோ ஓடிய காலத்திலும், ஒவ்வொரு அடி பிலிமும் பணம். எதை எடுப்பது என்று கேமராவை ஓட விடுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். இன்றைக்கு மெமரி கார்டு மணிக்கணக்கில் ஓடுகிறது. அன்றைக்குச் செட்டில் எடுத்த முடிவுகள் எல்லாம் இன்று எடிட்டிங் மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டன. அதனாலேயே, 'வெட்டாமல் விடுவது' என்பதும் இப்போது நாம் தெரிந்து எடுக்க வேண்டிய ஒரு முடிவு ஆகிவிட்டது.

அப்புச்சி கொப்பரையைப் பார்க்கும் அந்த நான்கு நொடியில் வாயில் இருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஆனால் "நாங்க நிறுத்தலீங்க" என்ற சொல்லுக்கு உள்ள கனம் முழுவதும் அந்த நான்கு நொடியில் இருந்துதான் வருகிறது. அதை எடுத்துவிட்டு இரண்டு வாக்கியத்தையும் ஒட்டினால் தகவல் ஒன்றும் குறையாது, மனிதர் குறைந்துவிடுவார். இந்த மாதிரி இடத்தில் வேறு எந்த வழியையும் யோசிக்கவே வேண்டாம். விட்டுவிடுங்கள். லாங் டேக்கின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. மருமகனைக் கூப்பிட்ட கதை, கூலி ஆள் கதையின் மூன்றாம் சுற்று, இருமல், போன் மணி எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கும். முழுப் படத்தையும் இப்படி நடத்தினால், விட வேண்டிய அந்த நான்கு நொடியும் கூட்டத்தில் தொலைந்துபோகும்.

இரண்டாவது, தம்பி கேட்ட ஜம்ப் கட். ஒரே கோணம், ஒரே அளவு, நடுவில் ஒரு துண்டை உருவி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டுவது. பழைய இலக்கணப்படி இது தவறு. ஒரு ஷாட்டில் இருந்து அதே ஆளின் இன்னொரு ஷாட்டுக்குப் போனால் கேமரா குறைந்தது 30 டிகிரியாவது நகர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. நகராவிட்டால் படம் துள்ளும். 1960-ல் பிரெஞ்சு இயக்குநர் ழான் லுக் கோதார் தன் முதல் முழுநீளப் படத்தில் அந்தத் துள்ளலை மறைக்காமல் காட்டிய பிறகு, அது ஒரு பாணியாகவே நிலைத்துவிட்டது. இன்று கேமராவை நேராகப் பார்த்துப் பேசும் யூடியூபர்களின் அன்றாட மொழியே அதுதான்.

அவர்களுக்கு அது பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் நம்மிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல உட்கார்ந்தவர்கள். 'தேவையில்லாததை எடுத்துவிட்டேன், மிச்சத்தைக் கேளுங்கள்' என்று அவர்களே சொல்வதாகத்தான் அந்தத் துள்ளலைப் பார்க்கிறவர் எடுத்துக்கொள்கிறார். அப்புச்சி அப்படி உட்கார்ந்தவர் இல்லை. அவர் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற பேரனிடம் பேசுகிறார். அவர் பேச்சைத் துள்ள விட்டால், பேசுகிறவர் தடுமாறுகிற மாதிரியும், எடுத்தவர்கள் அவரை அவசரப்படுத்துகிற மாதிரியும் தெரியும். ஜம்ப் கட்டுக்கு நேர்மை உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். வெட்டிய இடத்தை ஒளிக்காமல் காட்டுகிறது. ஒரே மனிதர் நான்கு வெவ்வேறு நாளில் ஒரே விஷயத்தைச் சொன்னதை வரிசையாகக் காட்ட வேண்டும் என்றால் அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அதை முழுப் பேச்சுக்கும் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதை நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஜம்ப் கட் போடுகிற பலரும் இப்போது கையால் வெட்டுவதில்லை. மௌனத்தைத் தானாகக் கண்டுபிடித்து நீக்கும் வசதி பல மென்பொருளில் வந்துவிட்டது. சத்தம் இத்தனை டெசிபலுக்குக் கீழே போனால் எடுத்துவிடு என்று சொல்லிவிட்டால், நாற்பது நிமிடம் சில நொடியில் இருபத்தைந்து ஆகிவிடும். கொங்குப் பேச்சுக்கு இது கத்தி. நம் ஊர்ப் பெரியவர் ஒரு வாக்கியத்தை எப்படி முடிக்கிறார் என்று ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். "இல்லீங்க", "வந்துட்டேனுங்க", "அப்படித்தானுங்க" என்று முடியும்போது அந்த 'ங்க' தேய்ந்து, மூச்சோடு மூச்சாக இறங்கும். அலைவடிவத்தில் பார்த்தால் தரையோடு தரையாக ஒரு மெல்லிய கோடு. மென்பொருள் அதை மௌனம் என்றே எடுத்துக்கொள்ளும். வெட்டிய பிறகு கேட்டால் "இல்லீ", "வந்துட்டேனு" என்று நிற்கும். மரியாதையாகப் பேசிய மனிதர், பேரன் வயசுப் பையனிடம்கூட 'ங்க' போட்டுப் பேசியவர், முகத்தில் அடித்த மாதிரிப் பேசுகிறவராக ஆகிவிடுவார். சொந்தக்காரர்கள் பார்த்தால், என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாமலே "மாமா இப்படிப் பேசமாட்டாரே" என்பார்கள்.

ஆகவே கையால் வெட்டுங்கள். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 40 மில்லிநொடி. சத்தம் முடிந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு அப்புறமும் ஆறு முதல் எட்டுப் பிரேம் விட்டு வெட்டினால் 'ங்க' முழுதாக வந்துவிடும். அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்தில் அவர் இழுக்கும் மூச்சையும் சேர்த்தே எடுங்கள். மூச்சின் நடுவில் வெட்டினால், எந்தப் படத்தைப் போட்டு மறைத்தாலும் காது கண்டுபிடித்துவிடும். வெட்டின் இரு முனையிலும் சத்தத்துக்கு மட்டும் இரண்டு மூன்று பிரேம் கிராஸ்ஃபேட் (ஒரு சத்தம் இறங்க, அடுத்தது ஏறுவது) போட்டால் 'டிக்' என்கிற ஒலி வராது. படத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு ஆறு நிமிடமும் ஓட விட்டுக் கேளுங்கள். ஒரு மனிதர் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறதா? அது சரியானால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம்தான் கட்அவே. பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். படம் மட்டும் முகத்தை விட்டு வேறு ஒன்றுக்குப் போகும். கொதிக்கும் கொப்பரை, அழுக்கு நுரையை அள்ளும் கை, அடுப்புக்குள் போகும் காய்ந்த சக்கை. வெட்டிய இடம் அதற்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இதற்காகத் தனியாக எடுக்கிற ஷாட்டுகளைப் பி-ரோல் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

வெட்டை மறைக்க மட்டும் கட்அவே போடுகிறவர்கள் பேச்சு உடைகிற இடத்தில் ஒன்றரை நொடி கொப்பரையைக் காட்டிவிட்டு முகத்துக்கு வந்துவிடுவார்கள். பார்க்கிறவர் இரண்டு முறைக்கு மேல் ஏமாறமாட்டார். கொப்பரை வந்தாலே 'இங்கே எதையோ எடுத்துவிட்டார்கள்' என்று தெரிந்துபோகும். கட்அவே அதற்கென்று ஒரு வேலை செய்ய வேண்டும். "பாதிப் பேரு ஆலைய நிறுத்திப்போட்டாங்க" என்கிறபோது, பக்கத்துத் தோட்டத்தில் கூரை சரிந்து கிடக்கிற பழைய ஆலைக்கொட்டகையைக் காட்டினால், அவர் சொன்னதற்கு மேல் ஒன்று நமக்குக் கிடைக்கிறது. ஐந்து நொடி, ஆறு நொடி நிற்கட்டும். பார்த்து முடிக்க விடுங்கள்.

இதோடு சேர்ந்து வருவதுதான் ஜே கட்டும் எல் கட்டும். ஜே கட்டில் அடுத்த ஷாட்டின் சத்தம் படத்துக்கு முன்னால் வந்துவிடும். எல் கட்டில் படம் மாறிய பிறகும் பழைய சத்தம் தொடரும். நம் துண்டில் எப்படிப் போடுவது என்று பார்ப்போம். கரும்பு நசுக்கும் கிரஷரின் படத்தில் தொடங்குங்கள். கிரஷர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்புச்சியின் குரல், "போன வருசம் வெலையே இல்லீங்க" என்று வரட்டும். 'இல்லீங்க' முடிகிற இடத்தில் முகத்துக்குப் போகலாம். இது ஜே. "பாதிப் பேரு" என்று தொடங்கியதும் முகத்தை விட்டு இடிந்த கொட்டகைக்குப் போய், பேச்சைத் தொடர விடுங்கள். இது எல். "நிறுத்திப்போட்டாங்க" என்று முடிவதற்குள் முகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஏனென்றால் அடுத்து வருவது அந்த நான்கு நொடி. அங்கே கட்அவே போட்டால், அவர் கொப்பரையைப் பார்க்கிற பார்வையைக் கொப்பரையின் படத்தைப் போட்டே மறைத்தவர்களாகிவிடுவோம். நான் பார்த்த பல படங்களில் நடப்பது இதுதான். பார்வை எங்கே போகிறதோ அங்கே வெட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டதை யோசிக்காமல் செய்துவிடுகிறார்கள். "நாங்க நிறுத்தலீங்க" சொல்லி முடித்த பிறகு கொப்பரையைக் காட்டுங்கள். மருமகனைக் கூப்பிட்டதை அதற்கு அடியில் எடுத்துவிடலாம்.

நேர்வெட்டு போட்டிருந்தால் சத்தமும் படமும் ஒரே நொடியில் மாறி, ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு விழுந்த மாதிரி இருக்கும். ஜே, எல் இரண்டும் அந்தத் தட்டைப் பிரித்துப்போடுகின்றன. பேச்சுப் படத்தில் நேர்வெட்டை விட இவை சிறந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கட்அவேயின் உண்மையான ஆபத்து, அது நன்றாக மறைப்பதுதான். பதினேழாவது நிமிடத்தில் சொன்ன பாதி வாக்கியத்தையும் முப்பதாவது நிமிடத்தில் சொன்ன பாதி வாக்கியத்தையும் ஒட்டி, மேலே கொப்பரையைப் போட்டால், அப்புச்சி சொல்லாத ஒன்றை அவர் குரலிலேயே சொல்ல வைத்துவிடலாம். ஜம்ப் கட்டில் இது முடியாது, துள்ளல் காட்டிக்கொடுத்துவிடும். குலெஷோவ் சோதனை இதற்குப் பக்கத்து விஷயம். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் அதே முகத்தைச் சூப் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் என்று வெவ்வேறு படத்தோடு ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்திலேயே பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். மதிய வெயிலில் களைத்துப்போன அப்புச்சியின் முகத்தை, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சர்க்கரை ஏலம் விடும் ஷாட்டுக்குப் பின்னால் வைத்தால், அது விலையைக் கேட்டு உடைந்த முகம் ஆகிவிடும். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு. அந்த ஏலக்கூடத்தை எந்தப் படக்காரரும் காட்டத்தான் ஆசைப்படுவார். காட்டட்டும். ஆனால் அந்த முகம் அந்த ஏலத்துக்கு உரியதல்ல என்றால் பக்கத்தில் வைக்கக் கூடாது. என் வழக்கம் இது: ஒரு வாக்கியத்துக்குள் ஒட்டுப்போட மாட்டேன். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் எடுப்பேன். வரிசையை மாற்றினால், மாற்றிய பேச்சைப் பேசியவரிடமே ஒரு முறை போட்டுக் காட்டச் சொல்வேன்.

எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு கட்டை எடை போட ஆறு அளவுகோல் சொல்லி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணும் கொடுத்தார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10. பார்வை எங்கே போகிறது, திரையின் சமதளம், இடத்தின் தொடர்ச்சி ஆகிய மூன்றும் சேர்ந்து மிச்சம் 16. கதைப்படத்துக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது. ஆவணப்படத்துக்கு வரும்போது, அந்த 51-க்கு மேலே ஒன்றை வைக்கிறேன்: அவர் உண்மையில் அதைச் சொன்னாரா, அந்த இடத்தில்தான் சொன்னாரா என்பது.

இவை தவிர, வெட்டை மறைக்க வேறு சில வழிகள் இருக்கின்றன. இவற்றைச் சீக்கிரம் பார்த்துவிடலாம்.

பஞ்ச்-இன் என்பது அதே ஷாட்டைப் பெரிதாக்கி அடுத்த துண்டுக்கு வைப்பது. 3840-க்கு 2160 அளவில் எடுத்து, 1920-க்கு 1080 டைம்லைனில் வேலை செய்தால், இருமடங்கு வரை பெரிதாக்கினாலும் துல்லியம் குறையாது. மிட் ஷாட்டில் இருந்து குளோசப்புக்கு நன்றாகவே தாண்ட வேண்டும். பத்துச் சதவீதம், பதினைந்து சதவீதம் பெரிதாக்கினால் துள்ளல் போகாது. கேமரா ஆடிய மாதிரி ஒரு எரிச்சல்தான் மிஞ்சும். கை நிறைய கட்அவே இல்லாதவருக்கு இது நல்ல துணை. குளோசப்பைக் கனமான வாக்கியத்துக்கு என்று ஒதுக்கி வைத்தால், அது மறைப்பு என்றே தெரியாது.

இரண்டு கேமரா வைப்பது இன்னும் நல்லது. வைக்க முடிந்தால் வையுங்கள். இரண்டும் ஒரே பிரேம் வேகத்தில் ஓட வேண்டும், இரண்டும் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் ஓடும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் அப்புச்சி ஒரு ஷாட்டில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் பார்த்துப் பேசுவார். தொடக்கத்தில் ஒரு கை தட்டிவிட்டால் இரண்டையும் பொருத்துவது எளிது. ஆனால் ஒரு கேமராவுக்கே கூச்சப்படுகிற பெரியவர் முன்னால் இரண்டாவதை நிறுத்தினால் பேச்சு வருமா என்று முதலில் யோசியுங்கள். எனக்கு அவர் பேச்சுதான் முக்கியம்.

மார்ஃப் கட், ஸ்மூத் கட் என்று பிரீமியர், ரிசால்வ் ஆகிய எடிட்டிங் மென்பொருள்களில் இருக்கும் வசதி, நடுவில் இல்லாத பிரேம்களைத் தானே உருவாக்கித் துள்ளலை அழிக்கப் பார்க்கும். தலை அசையாமல், பின்புலம் அசையாமல் இருந்தால் வேலை செய்யும். ஆலையில் பின்னால் ஆவி எழும்பிக்கொண்டே இருக்கிறது; முகத்தைச் சுற்றிப் படம் நெளியும். நெளியாவிட்டாலும் நான் சேர்க்கமாட்டேன். அவர் முகத்தில் நடக்காத ஒரு அசைவை நாம் செய்து ஒட்டுவது அது.

ஒரு படம் கரைந்து இன்னொன்றாக மாறும் டிசால்வை முகத்தின் மேல் போடாதீர்கள். ஒரு முகத்துக்குள் இன்னொரு முகம் கரைந்து வருவது கல்யாண ஆல்பத்துக்கு அழகு. பேச்சின் நடுவில் வந்தால் காலம் கடந்துவிட்டது என்று பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார். பிலிம் காலத்தில் இருந்தே டிசால்வுக்கு அந்த அர்த்தம் ஊறிவிட்டது.

அந்த அர்த்தமே வேறு இடத்தில் நமக்குப் பயன்படும். கொப்பரையில் ஊற்றிய கரும்புப்பால் பாகாகிற வரைக்கும் மணிக்கணக்கில் கொதிக்க வேண்டும். படத்தில் அதற்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் கொடுக்கலாம். இங்கே மறைக்க வேண்டியது எதுவும் இல்லை, சுருக்கத்தான் வேண்டும். டைம்லாப்ஸ், டிசால்வ், வேலையின் அசைவில் பொருத்திய நேர்வெட்டு என்று மூன்று வழிகள்.

டைம்லாப்ஸ்தான், அதாவது இடைவெளி விட்டு ஒவ்வொரு பிரேமாக எடுத்து வேகமாக ஓட்டுவதுதான், எல்லோருக்கும் முதலில் தோன்றும். கணக்கு எளிது: இரண்டு மணி நேரத்தைப் பத்து நொடிக்கு ஒரு பிரேம் வீதம் எடுத்தால் 720 பிரேம், 25 வேகத்தில் ஓட விட்டால் 29 நொடி. வெளிச்ச அளவை மேனுவலில் பூட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுப்புத் தீ ஏறி இறங்கும்போதெல்லாம் படம் மின்னி மின்னி அடங்கும். நிறம் மாறுவதும் பாகு வற்றுவதும் தெளிவாகத் தெரியும். ஆனால் மனிதர்கள் படபடவென்று வந்து போவார்கள். கரண்டியைத் தூக்கும்போது அந்தக் கைக்கு எவ்வளவு கனம் என்பது டைம்லாப்ஸில் வரவே வராது. உழைப்பைக் காட்ட எடுத்த படத்தில் உழைப்பு தெரியாமல் போவதில் எனக்குச் சம்மதமில்லை. மேலிருந்து கொப்பரை மட்டும் தெரிகிற ஷாட் என்றால், ஆள் இல்லாததால், சரி.

டிசால்வ் இங்கே நன்றாக உட்காரும். சாம்பல் கலந்த பச்சையில் இருக்கிற பால், அதே கோணத்தில் பொன்னிறமாக, அப்புறம் கருஞ்சிவப்பாக. ஒவ்வொன்றுக்கும் 20, 25 பிரேம். ஸ்டாண்டை இடம் மாற்றாமல் எடுத்திருந்தால்தான் கொப்பரையின் விளிம்பு ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கை நுரையை அள்ளிக் கரண்டியைத் தூக்குகிறது. தூக்குகிற பாதியில் வெட்டி, ஒரு மணி நேரம் கழித்து எடுத்த ஷாட்டில் அதே கரண்டி மேலே வருகிற இடத்தில் சேருங்கள். கண் அசைவைப் பின்தொடர்ந்து போய்விடும். பால் நிறம் மாறியிருப்பதை அடுத்த நொடியில்தான் கவனிக்கும். மேட்ச் ஆன் ஆக்‌ஷன் என்று இதற்குப் பெயர். ஆவியும் உதவும்: காற்று திரும்பி ஆவி முழுச் சட்டகத்தையும் மூடும் நேரத்தில் வெட்டி, இன்னொரு ஷாட்டில் ஆவி விலகுகிற இடத்தில் திறக்கலாம். இதற்கெல்லாம் எடுக்கும்போதே நினைவு வேண்டும்: ஒரே வேலையைப் பல நேரத்தில், ஒரே பக்கமிருந்து, தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்து வைக்க வேண்டும்.

பதம் பார்க்கிற நேரத்தை மட்டும் சுருக்கவே சுருக்காதீர்கள். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலில் எடுத்து உருட்டிப் பார்க்கிறார். இன்னும் வரவில்லை. மறுபடி பார்க்கிறார். அந்த ஆலையின் அறிவு முழுவதும் அந்த விரலில் இருக்கிறது. கொதித்த மணி நேரங்களை ஒரு நிமிடத்தில் தள்ளிவிட்டு, இந்த முப்பது நொடியை முப்பது நொடியாகவே விட்டால், எது முக்கியம் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

சத்தத்தைப் பற்றி ஒன்று. ஆலையில் கிரஷர் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதிப் பேச்சையும், நின்ற பிறகு மீதியையும் எடுத்திருந்தால், இரண்டையும் ஒட்டும்போது அந்த இரைச்சல் வெட்டுக்கு வெட்டு அறுந்து அறுந்து வரும். எந்தக் கட்அவேயும் அதை மறைக்காது. பேச்சு முடிந்ததும் யாரையும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிரஷர் ஓடும்போது ஒரு நிமிடமும் நின்ற பிறகு ஒரு நிமிடமும் வெறும் சத்தம் மட்டும் பதிவு செய்யுங்கள். ரூம் டோன் என்று இதைச் சொல்வார்கள். அமைதியாக இருக்கிற துண்டுக்கு அடியில் கிரஷர் சத்தத்தை மெல்ல ஏற்றி இறக்கினால் ஒட்டு தெரியாது. தறி வீடுகளில் இது இன்னும் கஷ்டம். தறிச்சத்தத்துக்கு ஒரு தாளம் உண்டு. பேச்சை வெட்டும்போது தாளமும் தப்பும். அங்கே தறியை நிறுத்திவிட்டுப் பேச வைத்து, தறிச்சத்தத்தைத் தனியாக எடுத்து அடியில் சேர்ப்பதே நல்லது.

மென்பொருள் எது என்ற கேள்வியும் வரும். மேலே சொன்ன அத்தனைக்கும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். ஏற்கெனவே பிரீமியர் பழகியவர் மாற வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கே காட்டப் போகிறோம் என்பதுதான் முடிவை நிஜமாகவே மாற்றும். ஊர் மண்டபத்தில் துணி கட்டிப் போடப் போகிறோம், சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்து பார்க்கப் போகிறது என்றால், நீளமான ஷாட்டுகளை நம்புங்கள். பெரிய திரையில் முகம் நிற்கும். நான்கு நொடி மௌனத்துக்கு மண்டபமே அடங்கும். கைப்பேசியில் செங்குத்தாக ஒன்றரை நிமிடம் என்றால் கணக்கு வேறு. அங்கே தூரத்தில் இருந்து எடுத்த அகலமான ஷாட்டில் எதுவும் தெரியாது. குளோசப்பும் கையும்தான் தெரியும். பேரன் கேமராவைப் பார்த்து ஆலையை அறிமுகப்படுத்துகிறார் என்றால் அவர் பேச்சுக்கு ஜம்ப் கட் தாராளமாகப் போடலாம். அப்புச்சியின் ஒரு வாக்கியத்தை மட்டும் முழுதாக, 'ங்க'வோடு, வெட்டாமல் வைத்துவிடுங்கள். ஒரே படத்தில் இரண்டு விதமாக வெட்டுவதில் தப்பே இல்லை. பேசுகிறவர் யார் என்பதைப் பொறுத்து வெட்டு மாறட்டும்.

தம்பியின் சிக்கல் கடைசியில் வேறு இடத்தில் இருந்தது. பேச்சு நாற்பது நிமிடம் இருந்தது, கட்அவே என்று பார்த்தால் கொப்பரை இரண்டு கோணத்தில் மட்டும் இருந்தது. இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு என் வரிசை இது. முதலில் பேச்சையே குறையுங்கள். ஆறு நிமிடம் மூன்று ஆனால் தேவைப்படும் கட்அவேயும் பாதியாகும். அடுத்து, வாக்கியம் மாறுகிற பெரிய இடங்களில் பஞ்ச்-இன். அதுவும் போதாத இடத்தில் ஒரு நொடி கறுப்புத் திரை வைத்துவிட்டு அடுத்த பேச்சைத் தொடங்கலாம்; அது மறைப்பதாகப் பாசாங்கு செய்யாது. ஆலை இன்னும் ஓடுகிறது என்றால் திரும்பிப் போய் எடுத்து வருவதே எல்லாவற்றையும் விட நல்லது. அப்புச்சியின் கை, நரம்பு புடைத்த கால், சுவரில் சாய்த்து வைத்த கரண்டி, கரும்புக் கட்டு வந்து இறங்குவது, சாக்கின் வாயைத் தைப்பது என்று ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையாமல், பேச்சு எடுத்த அதே நேரத்து வெளிச்சத்தில். வேறு ஆலைக்குப் போய் எடுத்து இதுதான் என்று சேர்க்க வேண்டாம். கொப்பரையைப் பார்த்தே ஊர்க்காரர்கள் யார் ஆலை என்று சொல்லிவிடுவார்கள். கரும்பு வெட்டு முடிவதற்குள் போய் வரச் சொல்லியிருக்கிறேன்.